பாகூர் பள்ளிக்கூடச் சாவியும் பல்லுள்ள நண்டும்

வாத்தியாரம்மா அவர்களுக்கு,

யாரும் நம்பாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன் என்று பாகூர் ஏரியின் நூற்றெட்டு மதகுகளின் மேலும் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். ஏரிக்கு அத்தனை மதகு ஏது என்று நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் ஒரு விரலைத் தூக்கியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கதை இன்னும் தொடங்கவே இல்லை.

இன்று காலையில் மாட்டுக் கொட்டகைச் சுவரில் தொங்கிய சாவியை எடுத்து விளக்கெண்ணெய் போட்டுத் துடைத்தேன். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத சாவி. ஊரில் கேட்கிறவர்களிடமெல்லாம் இது செஞ்சிக் கோட்டைச் சாவி என்றும், ராஜா ஓடுகிற அவசரத்தில் என் முப்பாட்டனிடம் எறிந்துவிட்டுப் போனார் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேருக்குச் செஞ்சி எங்கே இருக்கிறது என்று தெரியாது. எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பள்ளிக்கூடக் கதவு கண்முன் வந்து நின்றது. கதவுக்கு முன்னால் நீங்கள்.

நீங்கள் போய்விட்ட செய்தியைக் கரியமாணிக்கத்திலிருந்து நெல் ஏற்றி வந்த வண்டிக்காரர் போன வாரம் சொன்னார். அன்று நான் யாரிடமும் கதை அளக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கு நீங்கள் பாகூரில் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். மணப்பட்டுக் கடற்கரையில் நடந்ததை நான் உங்களிடம் சொல்லவே இல்லை. இருபது வருஷமாக அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இனி நீங்கள் கேட்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு சொல்லத் துணிகிறேன். என் வீரம் அவ்வளவுதான்.

என் தங்கை ஐப்பசி மழையில் காய்ச்சலில் போனாள். தை பிறந்ததும் அவள் புருஷன், மகள் அஞ்சலையை ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டில் விட்டுவிட்டு, சைகோனுக்குக் காவல்காரன் வேலைக்குக் கப்பலேறினான். பிள்ளைக்கு ஏழு வயது. எனக்குப் பெண்சாதி பிள்ளைகள் கிடையாது. இரண்டு மாடு, ஒரு கரும்பு வண்டி, ஒரு வாய். இந்த மூன்றில் வாய்தான் ஓயாமல் உழைத்தது.

"மாமா, அப்பா எப்ப வருவாரு?"

"எட்டு நாள்ல வந்துடுவாரு கண்ணு."

எட்டு என்று ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அழுகிற பிள்ளைக்கு ஒரு எண் வேண்டும் என்று தோன்றியது. ஒன்பதாம் நாள் கேட்டபோது, கப்பலின் நங்கூரத்தைத் திமிங்கிலம் விழுங்கிவிட்டது, அதைக் கக்கவைக்க நான்கு வண்டி சுக்குக் கஷாயம் காய்ச்சுகிறார்கள் என்றேன். பதினாறாம் நாள், கப்பல் கேப்டனுக்குக் கடல் ராணியோடு கல்யாணம், சாப்பிடாமல் யாரையும் அனுப்பமாட்டோம் என்கிறார்கள் என்றேன். அஞ்சலை சிரித்தாள். சிரித்ததும் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

அவளை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது அந்த நாட்களில்தான். ஒரே அறை, ஓட்டுக் கூரை, பொட்டைப் பிள்ளைகள் இருபது பேர், புதுச்சேரியிலிருந்து வந்த நீங்கள். அஞ்சலை உள்ளே உட்காரமாட்டாள். வாசற்படியில், தெருவைப் பார்த்த மாதிரி, கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். நீங்கள் அவளை உள்ளே இழுக்கவில்லை. மூன்றாம் நாள் உங்கள் முக்காலியையே வாசலுக்கு அருகில் நகர்த்திப் போட்டுக்கொண்டீர்கள்.

அதற்குப் பரிசாக அவள் உங்களைக் கடித்தாள். தினமும் சாயங்கால மணி அடித்ததும், எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கு ஓட, அவள் உங்களிடம் ஓடிவந்து கையைப் பிடித்து நறுக்கென்று கடித்துவிட்டு ஓடுவாள். செய்தி எனக்கு எட்டியதும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வந்தேன். நினைவிருக்கிறதா?

"வாத்தியாரம்மா, எங்க பரம்பரையில பல்லு கொஞ்சம் பலம். எங்க தாத்தா புலியக் கடிச்சவரு. புலி அழுதுக்கினே காட்டுக்கு ஓடிச்சி."

நீங்கள் சிரிக்கவில்லை. கையில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தீர்கள். பிள்ளையின் பாவாடை முடிச்சிலிருந்து விழுந்ததாகச் சொல்லி ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை என் முன்னால் கொட்டினீர்கள்.

"நாப்பத்தொண்ணு இருக்குது. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு சேக்கறா. எட்டுன்னு யாரு சொன்னது?"

நான் ஓட்டைப் பார்த்தேன். ஓட்டில் ஒரு பல்லி இருந்தது. அதுவும் என்னைப் பார்த்தது.

"அவ அப்பா எப்பதான் வருவாரு?"

"தெரியாதும்மா."

"அப்ப அதையே சொல்லுங்களேன்."

"புள்ள தாங்காதும்மா. கதை சொன்னா சிரிக்குது."

"கதை எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க. நாள் மட்டும் சொல்லாதீங்க."

பிறகு உங்கள் கையைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள்: "அவ கடிக்கலீங்க. போறியான்னு கேக்கறா. வலிச்சா நாளைக்கு நான் வரமாட்டேனான்னு பாக்கறா. வந்துக்கினே இருந்தா வுட்டுடுவா."

அன்றிலிருந்து கரும்பு ஏற்றிப்போகும் வழியில் உங்கள் ஜன்னலோரம் வண்டியை நிறுத்துவதை வழக்கமாக்கிக்கொண்டேன். மாட்டுக்கு இளைப்பு என்று சொல்லுவேன். இளைப்பு எனக்குத்தான். நீங்கள் நடத்திய பாடத்தைவிடப் பாடத்துக்கு நடுவே நீங்கள் செய்ததை வேடிக்கை பார்த்தேன். தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போவதாக இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் போவீர்கள். "கெணத்தாண்ட போறேன். மூணாம் வாய்ப்பாடு முடியறதுக்குள்ள வந்துடுவேன்." பிள்ளைகள் கோரஸாகச் சொல்லத் தொடங்கும். மூவெட்டு இருபத்துநான்கு வரும்போது உங்கள் புடவைத் தலைப்பு வாசலில் தெரியும். அஞ்சலையின் தோள் இறங்கும்.

ஒருநாள் கிணற்றடியில் யாரோ உங்களைப் பேச்சில் பிடித்துக்கொண்டார்கள். வாய்ப்பாடு முப்பதில் முடிந்து, அறை அமைதியாகி, அஞ்சலை எழுந்து நின்றுவிட்டாள். நீங்கள் மூச்சிரைக்க ஓடிவந்தீர்கள். "நேரமாயிடுச்சி. சொன்ன மாதிரி வரல. என் தப்புதான்" என்று இருபது பிள்ளைகளிடமும் சொன்னீர்கள். பெரியவர் ஒருவர் சின்னப் பிள்ளைகளிடம் தப்பு என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. என் மாடுகளும் கேட்டதில்லை. அவை அசை போடுவதை நிறுத்திவிட்டன என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள், விடுங்கள்.

இன்னொன்று. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் காலையில்தான் பெயர் கூப்பிடுவார்கள். நீங்கள் சாயங்காலமும் கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, அந்தந்த முகத்தைப் பார்த்து, "நாளைக்கு உன்னப் பாக்கறேன்" என்பீர்கள். இருபது பேருக்கும் இருபது தடவை. இதென்ன வீண் வேலை என்று நான்கூடக் கேலி செய்தேன். ஒரு மாதத்தில் கடி நின்றது. அடுத்த மாதம் அஞ்சலை வாசற்படியில் உட்கார்ந்தபடியே முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பினாள்.

அப்போதுதான் அந்தப் பைத்தியக்கார வேலையைச் செய்தீர்கள். பள்ளிக்கூடத்தின் ஒரே பூட்டுக்கு இருந்த ஒரே சாவியைக் கயிற்றில் கோத்து ஏழு வயசுப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிட்டீர்கள்.

"காலையில நீ வந்துதான் தொறக்கணும் அஞ்சலை. நீ வர்ற வரைக்கும் நாங்க எல்லாரும் வெளியதான் நிப்போம்."

வீட்டுக்கு வந்தவள் அன்று என்னிடம் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. "மாமா, நான் போவலன்னா பள்ளிக்கூடமே கெடையாது, தெரியுமா?" என்றாள். ஊரை ஆளுகிற மேர் துரைக்குக்கூட அந்தத் தோரணை வராது. சாவியைக் கழற்றாமலே குளித்தாள், கழற்றாமலே தூங்கினாள். தினமும் கோழிக்கு முன்னால் எழுந்தாள். ஏரிக்கரைக் கோழிகள் அவமானம் தாங்காமல் கூவுவதையே நிறுத்திவிட்டன.

இனி உங்களுக்குத் தெரியாத பகுதி.

புதுச்சேரியிலிருந்து இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று ஊருக்கெல்லாம் தெரிந்த அந்த நாளைக்கு முந்தின சாயங்காலம், சைகோனிலிருந்து கடிதம் வந்தது. தங்கை புருஷன் யாரையோ வைத்து எழுதியிருந்தான். சுகமாக இருக்கிறானாம். அங்கேயே ஒரு குடித்தனம் அமைந்துவிட்டதாம். இப்போதைக்கு வருவதற்கில்லை, பிள்ளை என்னிடமே இருக்கட்டும் என்று நாலே வரி.

காலையில் அஞ்சலை கடிதத்தைப் பார்த்துவிட்டாள். சைகோன் தபால்தலை அவளுக்குத் தெரியும்.

"அப்பா இன்னா எழுதிக்கிறாரு மாமா?"

புலியைக் கடித்தவரின் பேரனாகிய நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தீர்கள். வாயைத் திறந்தேன். அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "வர்றாராம் கண்ணு" என்றேன். அதோடு விட்டேனா? "இன்னிக்கே வர்றாராம். மணப்பட்டுக் கடல்ல நின்னு பாத்தா கப்பல் தெரியும்" என்றேன். சொல்லிவிட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேறு ஏதாவது திமிங்கிலம் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது வாசலில் கூட்டம். பிள்ளைகள் எல்லாரும் வேப்பமரத்தடியில். கதவில் பூட்டு. மரத்தடியில் இன்ஸ்பெக்டர். நம்மூர்க்காரர்தான், ஆனால் தொப்பி பாரீஸிலிருந்து வந்தது. அவர் மீசை இந்தப் பக்கம் வில்லியனூர் வரைக்கும் அந்தப் பக்கம் கடலூர் வரைக்கும் நீண்டிருந்தது.

நீங்கள் என் வண்டிக்கு ஓடிவந்தீர்கள். சாவி எங்கே என்று கேட்கவில்லை.

"அஞ்சலை எங்க?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் வாய் தன் வேலையைச் செய்தது. "வயித்து வலிம்மா. வூட்ல படுத்துக்கினு இருக்கா. இதோ கூட்டியாறேன்."

"ஒடம்பு முடியலன்னா வுடுங்க. முடிஞ்சா நிதானமா கூட்டியாங்க. பூட்டு எங்கயும் போவாது."

அந்த வயிற்று வலிதான் நான் உங்களிடம் சொன்ன பொய்களில் மிகச் சிறியது. ஒரு திமிங்கிலம்கூட இல்லாத பொய். அதைத்தான் இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தேன்.

மணப்பட்டுக்கு என் மாடுகள் ஓடவில்லை, பறந்தன. கொக்குகள் வழி விட்டன. கரும்பெல்லாம் தெருவில் கொட்டிப் பாகூரிலிருந்து கடல் வரைக்கும் ஊரே ஒரு வாரம் இனித்தது. கடற்கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு கட்டுமரத்தின் மேல் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா அவளுக்கு வெயில் படாமல் தன் கூடையைத் தலைமேல் கவிழ்த்திருந்தாள்.

"உம் புள்ளையா? காலையிலேந்து கப்பலு கப்பலுன்னு கேக்குது. இங்க ஏது கப்பலு? கட்டுமரந்தான் வரும்னு சொன்னா நம்ப மாட்டேங்குது."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "கப்பல் எங்க மாமா?"

அங்கே ஒரு கடல் முழுக்கத் தண்ணீர் இருந்தது. எத்தனை பொய்யை வேண்டுமானாலும் அதில் மிதக்கவிட்டிருக்கலாம். ஆனால் அவள் கை அந்தச் சாவியைப் பிடித்திருந்தது. இருபது பிள்ளைகளும் நீங்களும் வெளியே நிற்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மணலில் உட்கார்ந்தேன்.

"கப்பல் வராது கண்ணு. அப்பா இப்ப வரமாட்டாரு. எப்ப வருவாருன்னு எனக்குத் தெரியாது. நான் சொன்னது பொய். எட்டு நாளும் பொய்தான்."

அவள் கட்டுமரத்திலிருந்து இறங்கினாள். என் வலது கையை எடுத்தாள். தன் பலத்தையெல்லாம் சேர்த்துக் கடித்தாள்.

நான் கையை இழுக்கவில்லை, வாத்தியாரம்மா. நீங்கள் இழுத்ததில்லை என்று பார்த்திருந்தேன். அவள் விடுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வலை உலர்த்திய அம்மாதான் "அய்யய்ய, ரத்தம்" என்றாள். அஞ்சலை வாயை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள். அவள் அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை. அழுது முடிந்ததும் பாவாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"சீக்கிரம் ஓட்டு மாமா. எல்லாரும் வெளிய நிப்பாங்க."

நாங்கள் இல்லாத நேரத்தில் நடந்ததைக் கொல்லர் பிறகு என்னிடம் சொன்னார். இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து, பூட்டை உடைக்க அவரைக் கூப்பிட்டுவிட்டாராம். "நான் சுத்தியலோட போறேன், அந்தம்மா கதவ மறச்சிக்கினு நிக்கிறாங்க. ஒதுங்குங்கம்மான்னா ஒதுங்கல. தொர, இந்தப் பூட்ட ஒடைக்க ஒரு நிமிஷம் போதும், அந்தப் புள்ள இன்னொரு தரம் என்ன நம்பணும்னா எத்தன நாளாவும்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னாங்கப்பா. அவரு உனக்கு வேல போவும்னாரு. சரிங்கன்னுட்டாங்க." கொல்லர் சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாராம். அன்றைக்குத்தான் அவருக்கு மூன்றாம் வாய்ப்பாடு மனப்பாடம் ஆனதாம்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. பிள்ளைகள் மண்ணில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் உங்கள் முக்காலியில் உட்கார்ந்து, தொப்பியால் விசிறிக்கொண்டு, மண்ணில் எழுதியதையே திருத்திக்கொண்டிருந்தார். அஞ்சலை எல்லாருக்கும் நடுவே தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். எங்கே போனாய் என்று நீங்கள் கேட்கவில்லை.

"வந்துட்டியா. தொற."

சாவி மூன்று தடவை நழுவியது. நீங்கள் வாங்கித் திறக்கவில்லை. நான்காவது தடவை பூட்டு திறந்தது. அன்றைக்கு முதன்முதலாக அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

என் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து "இன்னா ஆச்சு?" என்றீர்கள்.

"மணப்பட்டு நண்டும்மா. கவ்விடுச்சி."

துணியைப் பிரித்துப் பார்த்தீர்கள். "வயித்து வலிக்காரிய வூட்லேந்து கூட்டியாறதுக்குள்ள மணப்பட்டு நண்டு கடிச்சிடுச்சா? அதுவும் பல்லுள்ள நண்டு" என்றீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஞ்சள் எடுத்து வந்து பற்றுப் போட்டீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

வேலை போகவில்லை. ஆனால் கோடை முடிந்ததும் உங்களைக் கரியமாணிக்கத்துக்கு மாற்றி உத்தரவு வந்தது. என் பொய்க்கு நீங்கள் அபராதம் கட்டினீர்கள். உத்தரவு வந்த அன்றைக்கே அஞ்சலையைக் கூப்பிட்டு முப்பது புளியங்கொட்டையை எண்ணிக் கையில் கொடுத்தீர்கள். "தினம் ஒண்ணு தூக்கிப் போடு. கடைசிக் கொட்ட போடற அன்னிக்கி நான் போவேன். அதுக்கு முன்னாடி போவமாட்டேன்." அவள் ஒவ்வொன்றாக ஏரியில் போட்டாள். கடைசிக் கொட்டையைப் போட்ட சாயங்காலம், பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டு, நீங்கள் வண்டியேறினீர்கள். ஒரு நாள் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அஞ்சலை அழுதாள். ஆனால் கடிக்கவில்லை. எண்ணிய கணக்கு சரியாக வந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

உங்களை ஏற்றிக்கொண்டு போனது என் வண்டிதான். வழி முழுக்க எனக்கு ஒரு கதையும் வரவில்லை. மாட்டுக்கு உடம்பு சரியில்லையா என்று நீங்கள்கூடக் கேட்டீர்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பிற்பாடு புதுக் கதவும் புதுப் பூட்டும் வந்தன. பழைய சாவியைக் கல்யாணமாகிப் போகும்போது அஞ்சலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் அப்பனிடமிருந்து இன்னும் இரண்டு கடிதம் வந்து, பிறகு அதுவும் நின்றுபோயிற்று. வந்த அன்றைக்கே இரண்டையும் அவளுக்கு எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன்.

இப்போது அஞ்சலை இரண்டாம் பிரசவத்துக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மூத்தவளை என்னிடம் விட்டிருக்கிறாள். ஐந்து வயசு. காலையில் அவள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

எட்டு என்ற எண் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கொட்டகைக்குப் போய்ச் சாவியை எடுத்து எண்ணெய் போட்டேன். கொண்டுவந்து அவள் கழுத்தில் மாட்டினேன்.

"தெரியாது கண்ணு. தெரிஞ்சதும் மொத ஆளா ஒனக்குத்தான் சொல்லுவேன். இப்ப கெணத்தாண்ட போறேன். நீ பத்து எண்ணி முடிக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

எட்டில் வந்துவிட்டேன்.

நூற்றெட்டு மதகு பொய். செஞ்சிக் கோட்டை பொய். மாடு பறந்தது, மீசை கடலூர் வரைக்கும் போனது, என் தாத்தா புலியைக் கடித்தது எல்லாம் பொய். இந்த ஊரில் என் வாயிலிருந்து வருவதை யாரும் நம்பமாட்டார்கள், நீங்களும் நம்ப வேண்டாம். ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம். என் வலது கையில், பெருவிரலுக்குக் கீழே, நான்கு சின்னப் பல்லின் தடம் இன்னும் இருக்கிறது. ஏரி முதலை கடித்தது என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். அது முதலையும் இல்லை, மணப்பட்டு நண்டும் இல்லை. போறியா என்று ஒரு பிள்ளை கேட்டது.

நான் போகவில்லை, வாத்தியாரம்மா.